அபிஷேகத்துக்கு வைத்திருந்த தேன்

குற்றாலத்தில் வெறும் வயிற்றோடு குளித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பது சுபாஷ் வீட்டு வழக்கம். அன்று மட்டுமாவது அவன் மனைவி அனுசியா அதை மறுத்திருக்க வேண்டும். ஐந்து வயது மகள் மஞ்சுவுக்குப் போன வருஷம் சர்க்கரை நோய் வந்திருந்தது. காலை இன்சுலின் ஊசியைத் தென்காசி வீட்டிலேயே போட்டாயிற்று; போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும். சட்டென்று குளித்துவிட்டு இட்லி கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். சாரல் காலக் கூட்டத்தில் பெண்கள் வரிசை நகரவே இல்லை.

அருவியை விட்டு வெளியே வந்தபோது மஞ்சுவின் உதடு வெளுத்து, உடம்பு நடுங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் குளிர் என்றார்கள். அனுசியாவும் நம்பினாள். நனைந்த உடம்பில் வியர்வை தெரிவதில்லை. துவட்டிய நெற்றியில் மறுபடியும் நீர் அரும்பியபோதுதான் அது குளிர் இல்லை, சர்க்கரை குறைந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"மஞ்சு, அம்மாவப் பாரு."

குழந்தை எங்கோ பார்த்தது.

குளுக்கோஸ் எடுக்கத் திரும்பினாள். சுவர்மேல் வைத்த பை இல்லை. மேலே பாறையில் ஒரு குரங்கு அதைக் கிழித்து வெள்ளைப் பொடியை நக்கிக்கொண்டிருந்தது. சுபாஷோ ஆண்கள் பக்கம் தண்ணீருக்குள் நின்றான். கடைகள் கூட்டத்துக்கு அப்பால். நாலடி நடப்பதற்குள் குழந்தையின் கால் மடிந்தது.

அங்கேயே உட்கார்ந்து மகளை மார்பில் சாய்த்துக்கொண்டு, யாரிடமாவது இனிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். சர்க்கரை நோய் என்றும் சொன்னாள். அதுதான் தப்பாகப் போயிற்று. மிட்டாயை நீட்டிய ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள். சர்க்கரை நோய்க்கு இனிப்பா என்று இன்னொருத்தி ஏசினாள்.

ஈரச் சேலையோடு வந்த உலகம்மை நின்றாள். பக்கத்து ஊரான இலத்தூர்க்காரி. மகனுக்குப் போலீஸ் வேலை கிடைத்ததற்காகக் குற்றாலநாதர் அபிஷேகத்துக்கு நேர்ந்த தேன் அவள் கையில் இருந்தது. சாமிக்குப் போகும்வரை யாரும் தொடக் கூடாதென்று பாட்டில் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள்.

"சீனி கொறஞ்சாலும் இப்படி ஆவுமா தாயி?"

"ஆமாம்மா. இப்பம் இனிப்பு போகலன்னா நெனவு தப்பிரும்."

உலகம்மை பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். அனுசியாவின் கை தயங்கியது. "சாமிக்கு உள்ளதும்மா."

"வாங்கு ஏட்டி. அவரு ஒண்ணும் பசியோட நிக்கல."

அனுசியா தேனை விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவினாள். தொண்டையைப் பார்த்தபடி இருந்தாள். அசைந்தது. மஞ்சு விழுங்கிவிட்டாள். அனுசியா மறுபடி தடவினாள். உலகம்மை கூட்டத்தை விலக்கிவிட்டு, குழந்தையின் பாதத்தைத் தேய்த்தபடி சாமி பெயரை முணுமுணுத்தாள். தேன் வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அனுசியாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்த சுபாஷைச் சர்க்கரை பார்க்கும் கருவியும் இட்லியும் எடுத்துவரக் காருக்கு விரட்டினாள்.

"வாயெல்லாம் ஒட்டுதும்மா" என்று கடைசியில் மஞ்சு சிணுங்கினாள்.

அதற்குப் பிறகுதான் அனுசியா அழுதாள். வேறு தேன் வாங்கித் தருவதாக உலகம்மையிடம் சொன்னாள்.

"மொதல்ல பிள்ளைக்கு இட்லியக் குடு."

மீதித் தேனைக் குழந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டு, உலகம்மை வெறுங்கையைக் கூப்பியபடி கோயிலைப் பார்த்து நடந்தாள்.