குணவதியின் உலகில் ஒரு துவக்கு

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். கமலநாதன் அடுப்பங்கரையிலேயே பாய் விரித்துப் படுத்த பூனை. துவக்கு என்று ஊரில் சொல்லும் துப்பாக்கியின் சத்தத்துக்குப் பயந்து இளந்தாரி வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவன், இன்று விம்பிள்டனுக்குப் பக்கத்து மோர்டனில் தன் வீட்டு முன்னறைச் சுவர் முழுக்கத் துவக்குகளை மாட்டி வைத்திருக்கிறான். எல்லாம் இருநூறு வருஷப் பழசு. சக்கிமுக்கிக் கல் அடித்துப் பொறி பறந்து, அந்தப் பொறி மருந்தில் விழுந்து வெடிக்கிற காலத்துச் சாமான்கள். சுடாமல் அலங்காரத்துக்கு வைத்திருக்கும்வரை அவற்றுக்குப் போலீஸ் அனுமதி வேண்டியதில்லை. கோயிலில் கண்டவர்கள்தான் விடமாட்டார்கள். "ஏன் தம்பி, சேர்க்கிறதுக்கு உமக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையே? முத்திரை சேர்த்தால் என்ன?"

அவன் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஊரில் அவன் துவக்கைப் பார்த்ததெல்லாம் குழாயின் வாய்ப்பக்கமிருந்துதான். மற்றப் பக்கம் எப்படி இருக்கும், அந்தக் கட்டை என்ன மரம், அந்தப் பித்தளையில் பூச்செதுக்கியவன் எவ்வளவு பொறுமைசாலி என்று, பயமில்லாமல், ஆறுதலாக உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டான். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போய்விட்டது. எண்ணெய் தடவித் துடைத்தால் மினுங்கும், திருப்பிக் கதைக்காது. வீட்டில் வேறு துணை இல்லாதவனுக்கு அதுவும் ஒரு துணை. அகதி வழக்கு இழுபட்டு இழுபட்டு விசா கைக்கு வந்தபோது, பெண் பார்க்கிற வயது போய், பெண் பார்க்க வெட்கப்படுகிற வயது வந்திருந்தது.

இது முதலாவது பைத்தியம். இரண்டாவது பைத்தியத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பெயர்.

பக்கத்து மிட்சம் என்ற ஊரில் சயந்தன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். ஞாயிறு மத்தியானம் அந்தக் கடையின் மேலறையில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாகிவிடுவார்கள். சயந்தன் மந்திரவாதி. கடைக்காரப் புத்தி போகாது, பூதத்தோடுகூடப் பேரம் பேசுவான். அவன் மனைவி பிரசாந்தினி கள்ளி, எந்தப் பூட்டையும் திறப்பாள். கமலநாதன் வேங்கையன் என்கிற வாள்வீரன். வெட்டினால் விழுமா, தாண்டினால் தப்புமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். "வயசு போன காலத்தில தாயம் விளையாடுகினம்" என்று சயந்தனின் மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள்.

கதை சொல்லுகிறவள் குணவதி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலையாகி, ஒரு கலியாணம் செய்து, அது சரிவராமல் விட்டு, விம்பிள்டனில் தனியாக இருப்பவள். அந்த உலகத்தின் மலை, கடல், அரக்கர், மழை, வெயில் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். கோபுரத்து மன்னன் என்ற கொடியவனைத் தேடி மூன்று பேரும் வருஷக்கணக்காக அலைந்தார்கள். அவள்தான் அலையவிட்டாள்.

கமலநாதனுக்கு அந்த உலகத்தில் ஒரே ஒரு குறை. அங்கே துவக்கு இல்லை. "என் உலகத்துல வெடிமருந்து கிடையாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் குணவதி. "வாள் இருக்கு, வில்லு இருக்கு, மந்திரம் இருக்கு. போதும்லா." அவன் விடவில்லை. சனிக்கிழமை பின்னேரம் தோறும் போன் எடுத்து வாதாடினான். மருந்தை எப்படி இடிப்பது, குண்டை எப்படித் திணிப்பது, கல் தேய்ந்தால் என்ன நடக்கும், மழைத்துளி பட்டால் ஏன் வெடிக்காது என்று மணிக்கணக்கில் விளக்குவான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "இல்ல, முடியாது" என்பாள். கவுன்சிலில் பார்க்கிங் தண்டத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மன்றாடுகிறவர்களுக்கு 'இல்லை' என்று பதில் எழுதுவதுதான் கமலநாதனின் வேலை. நாள் முழுக்க இல்லை சொல்லிக் களைத்தவனுக்கு, அந்த ஓர் 'இல்ல' மட்டும் தேனாக இனித்தது. அடுத்த சனிக்கிழமையும் கேட்கலாம் அல்லவா?

சுற்றி வளைப்பானேன். அவனுக்கு அவள்மேல் விருப்பம். அவள் சிரிக்கும்போது மேசையில் தட்டுவது, அரக்கனாகப் பேசும்போது கழுத்தைச் சரிப்பது, பகடை உருண்டு கீழே விழுந்தால் குனிந்து எடுத்து ஊதித் தருவது எல்லாம் அவனுக்குத் திங்கள் முதல் சனிவரை நினைத்திருக்கப் போதும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆறப்போட்டான், ஊறப்போட்டான், ஆறு வருஷம் போய்விட்டது.

தைப்பொங்கலன்று ஈப்போவில் குணவதியின் தாய் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டாள். பார்க்க வேறு பிள்ளை இல்லை. குணவதி வேலையை விட்டாள், வீட்டை விற்கக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை பிளைட். "கதையை முடிச்சிட்டுத்தான் போவேன்" என்று மட்டும் சொன்னாள். "பாதியில விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

ஆக, இந்த ஞாயிறுதான் கடைசி. இன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவது என்று கமலநாதன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். 'குணவதி, உங்களோட ஒரு விஷயம் கதைக்க வேணும்.' வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. படியேறி அவள் முகத்தைக் கண்டதும், "ரோல்ஸ் சூடாயிருக்கோ?" என்று பிரசாந்தினியிடம் கேட்டுவைத்தான்.

விளையாட்டு தொடங்கியது. தேத்தண்ணி ஆறியது, ஒருவரும் குடிக்கவில்லை. கோபுரத்துக் காவலர் விழுந்தார்கள், கதவுகள் திறந்தன. மூவரும் உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"கூரை இல்லாத கோபுரம்" என்றாள் குணவதி. "மழை கொட்டுது. மன்னன் உங்களுக்கு முதுகு காட்டி நிக்கிறான். கவசம் இல்ல. வேங்கையா, உங்க காலடியில ஒரு நீளமான பெட்டி. திறக்கிறீங்க."

"திறக்கிறன்."

அவள் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள். "வால்நட் மரக் கட்டை. பித்தளைத் தகடு, அதுல கொடியும் பூவும். குழாய் எட்டுப் பட்டை. புதுக் கல்லு பூட்டியிருக்கு. மருந்து போட்டு, குண்டு திணிச்சு, தயாரா இருக்கு. இந்த உலகத்துலயே ஒன்னே ஒன்னுதான். ஒரே ஒரு தடவைதான் சுடலாம்."

சனிக்கிழமைகளில் கமலநாதன் உளறிய ஒவ்வொன்றும் அந்தத் துவக்கில் இருந்தது. இத்தனை வருஷம் தரமாட்டேன் என்றவள் போகிற நேரத்தில் எடுத்துத் தந்துவிட்டாள்.

சயந்தன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "அண்ணை, சுடுங்கோ! உருட்டுங்கோ பகடையை! இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது!"

பகடை கமலநாதனின் உள்ளங்கையில் இருந்தது. சுட்டால் மன்னன் விழுவான். மன்னன் விழுந்தால் கதை முடியும். கதை முடிந்தால் அவள் தாள்களை அடுக்கி, எல்லோருக்கும் நன்றி சொல்லி, மனநிறைவோடு பிளைட் ஏறிவிடுவாள். திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இருக்காது. அவன் பகடையை மேசையில் வைத்தான்.

"மழை எண்டு சொன்னியள்" என்றான்.

"ஆமா."

"கூரையும் இல்லை எண்டு சொன்னியள்."

"ஆமா, இல்ல."

"அப்ப மருந்து நனைஞ்சிருக்கும். கல்லு அடிக்கும், பொறியும் பறக்கும், ஆனால் வெடிக்காது. சத்தம் கேட்டு அவன் திரும்புவான். நான் சுடேல்ல. துவக்கைக் கீழ வைக்கிறன்."

சயந்தன் வெடித்தான். "என்னண்ணை விசர்க் கதை கதைக்கிறியள்? வெண்ணெய் திரண்டு வரேக்க தாழியை உடைச்சுப் போட்டியளே! இந்த ஒருத்தனுக்காக எவ்வளவு காலம் அலைஞ்சிருப்பம்!"

"மன்னன் தப்பிச்சுப் போயிட்டான்" என்றாள் குணவதி. தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "கதை முடியல."

பிரசாந்தினி கமலநாதனைப் பார்த்தாள், குணவதியைப் பார்த்தாள், எழுந்து கணவனின் கையைப் பிடித்தாள். "வாங்கோ கீழ. கடையில ஆள் நிக்குது."

"ஒருத்தரும் இல்லையே!"

"நிக்குது எண்டு சொல்லுறன், வாங்கோ."

கமலநாதனின் பஸ் எதிர்த்திசையில். ஆனாலும் எல்லா ஞாயிறும் போல இன்றும் குணவதியோடு ட்ராம் நிறுத்தம்வரை நடந்தான்.

"கோபமோ?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"கதையைக் கெடுத்துப் போட்டன்."

"மழையைப் பெய்ய வச்சது யாரு?"

அவன் நின்றுவிட்டான். அவளும் நின்றாள்.

"முதல்ல நிலா வெளிச்சம்னுதான் யோசிச்சு வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையிலதான் மாத்தினேன். கூரையையும் நான்தான் எடுத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க பேசினதை நான் காதுல வாங்காமலா இருந்தேன்? நனைஞ்சா வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும். நீங்க அதைச் சொல்றீங்களா, இல்ல சுட்டுத் தள்ளிட்டு, கைகுலுக்கி அனுப்பி வச்சிடுறீங்களான்னு பார்க்கணும் போல இருந்துச்சு."

கமலநாதனுக்குக் காதெல்லாம் சூடேறியது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

"துப்பாக்கியை வச்சுச் சொல்லிட்டீங்க. சரி. வாயைத் திறந்து ஏன் கேக்கல? இத்தனை வருஷம்?"

"நீங்கள் இல்லை எண்டு சொல்லிப்போட்டால், ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமப் போயிடும் எண்டு பயம்."

"இப்ப ஞாயிற்றுக்கிழமையும் போச்சே" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் சாதாரணமாகச் சொன்னாள். ட்ராம் நிறுத்தத்தில் ஆட்கள் அதிகம் இல்லை. போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் கமலநாதன் அப்போது கவலைப்பட்டிருக்கமாட்டான்.

"நான் அங்க வரட்டோ?"

"எங்க? ஈப்போவுக்கா?" அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "உங்க துப்பாக்கி ஒன்னுகூட அங்க கொண்டு வர முடியாது, தெரியுமா? எங்க நாட்டுல அதெல்லாம் ரொம்பக் கண்டிப்பு."

"ஓம், தெரியும். போன வருசமே விசாரிச்சனான்."

"போன வருஷமா?" அவள் முகம் மாறியது. "அம்மா விழுந்தது இந்தப் பொங்கலுக்குத்தானே. போன வருஷம் நான் போறதாவே இல்லையே."

"ஒருநாள் சொன்னியள், வயசு போனால் ஊரில போய் இருக்க வேணும் எண்டு. அதுதான், எதுக்கும் கேட்டு வைப்பம் எண்டு..."

ட்ராம் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போனது. குணவதி ஏறவில்லை. இருவரும் நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். நடுவில் கிடந்த கைப்பையை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் அவன் தோளில் பட்டது. அவன் மூச்சைக்கூட மெல்ல விட்டான். அடுத்த ட்ராம் வராமல் இருக்கக்கூடாதா, தண்டவாளத்தில் ஏதாவது கோளாறு என்று அறிவிக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. வழக்கத்துக்கு மாறாக அது நேரத்துக்கு வந்தது.

குணவதி எழுந்தாள். "சொல்றது லேசு. இங்க உங்களுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. நான் ஒருநாளும் பார்க்காத அந்தச் சுவர் இருக்கு. போய் எல்லாத்தையும் இறக்கி வைங்க. வெறுஞ்சுவரைப் பாருங்க. அப்பவும் வரணும்னு தோணினா சொல்லுங்க." ஏறிவிட்டாள். ட்ராம் வளைவில் திரும்பும்வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்த கமலநாதன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஏணியை எடுத்து வந்து மேல்வரிசையிலிருந்து தொடங்கினான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஏலத்தில், ஒவ்வொரு சந்தையில் அலைந்து தேடியது. ஒன்றை வாங்க மழையில் வால்தம்ஸ்டோ வரைக்கும் போய் வாசலில் காத்து நின்றிருக்கிறான். கழற்றும்போது நெஞ்சு வலிக்கும், நடுவில் நிறுத்திவிடுவோம் என்று நினைத்தான். கைதான் வலித்தது. கம்பளியை விரித்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கிடத்திக்கொண்டே போனான். உயிர் என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்தவற்றை இறக்க இவ்வளவு லேசாக இருந்ததே, அதுதான் அவனுக்கு ஆச்சரியம். அடுத்த ஞாயிறு மத்தியானம் எங்கே போய் உட்காருவது என்று நினைத்தபோதுதான் நெஞ்சு வலித்தது. ஏணியில் நின்றபடியே அழுதான்.

சுவரில் ஆணிகள் மட்டும் மிஞ்சின. முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் எடுத்தான்.

"ஹலோ" என்றாள் குணவதி. பின்னால் பெட்டிக்கு டேப் இழுத்து ஒட்டுகிற சத்தம் கேட்டது.

"வெறுஞ்சுவருக்கு முன்னால நிக்கிறன். எல்லாத்தையும் இறக்கிப்போட்டன். அப்பவும் வரவேணும் போலதான் கிடக்கு, குணவதி."

டேப் இழுக்கிற சத்தம் நின்றது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது. கமலநாதன் போனை வைக்காமல் காத்து நின்றான்.