கடேவாடியின் முன்வரிசை

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஃபேனை நிறுத்திவிடுங்கள். இந்தக் கதையைக் கேட்கும்போது காற்று அசையாமல் இருப்பதுதான் நல்லது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து ஓடாமல் கேட்டால் கடைசியில் மனசு குளிரும், அதற்கு நான் பொறுப்பு.

புனேக்கு மேற்கே, வாகட் புறநகரின் அடுக்குமாடிகளெல்லாம் பின்னால் போய், வண்டி மூச்சு வாங்க மலை ஏறினால் கடேவாடி என்று ஓர் ஊர். மொட்டை மலையின் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும். கீழே பார்த்தால் கடல்போல அணைத் தண்ணீர். மேலே குடிப்பதற்கோ டேங்கர் வந்தால்தான் உண்டு. அங்கே குறையில்லாமல் கிடைத்தது காற்று ஒன்றுதான். ஈரப் புடவையில் கல்லைக் கட்டித்தான் உலர்த்துவார்கள்.

அந்தக் காற்றைத் தேடி ஒரு காற்றாலைக் கம்பெனி வந்தது. ஊர்க்காரர்களிடம் பேசி, இதனால் அவர்களுக்கு என்ன நன்மை என்று எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கும் வேலை ஸ்ரீரஞ்சனிக்கு. சென்னைப் பெண், மராட்டியை உள்ளூர்க்காரிபோலப் பேசுவாள். ரஞ்சனி வாயைத் திறந்தால் பாறைகூடச் சம்மதமென்று கை தூக்கும் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். இந்த ஊர் கை தூக்காவிட்டால் கம்பெனி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும், அவள் வேலையும் போய்விடும். ஊர் கேட்டதோ ஒன்றே ஒன்று. அணையிலிருந்து மோட்டார் போட்டு மேலே தண்ணீர் வேண்டும்.

"தண்ணி வரும்னு சொல்லீருங்க ரஞ்சனி," என்றார் அவளுடைய மேலதிகாரி பாலச்சந்திரன், போனில். "மேலிடத்துல இன்னும் ஒத்துக்கலீங்க. ஆனா சொல்றதுக்கு என்னங்க? கை தூக்குனப்புறம் பாத்துக்கலாம்."

சித்திரை வெயில் கொளுத்தும் மத்தியானம் கூட்டம் வைத்தார்கள். பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. ஆளில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள் காற்றில் உருண்டு ஓட, டிரைவர் டேனியல் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். புனேயின் கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடிப்பார்.

ஊர் மொத்தமும் வந்தது. ஆனால் முன்வரிசையில் ஒருவரும் உட்காரவில்லை. பின்னால் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறார்கள், முன்னால் வரிசையே காலி. ரஞ்சனி கூப்பிட்டாள், கெஞ்சினாள். சிரித்தார்களே தவிர ஒருவர் நகரவில்லை. போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமே! அவள் என்ன செய்தாள் தெரியுமா? கூட வந்த ஆபீஸ் ஆட்களையும் டேனியலையும் கொண்டுபோய் அந்த வரிசையை நிரப்பினாள்.

உட்கார்ந்த வேகத்தில் டேனியல் எழுந்தார். "பாப்ரே! மேடம், சீட்டெல்லாம் ஈரம். பேண்ட் பூரா கீலா ஹோ கயா."

"சாயா கொட்டியிருக்கும். துடைச்சிட்டு உக்காருங்க டேனியல், போட்டோவுக்குத்தானே."

"சாயா சூடால்ல இருக்கும்? இது ஏரித் தண்ணியாட்டம் ஜில்லுங்குது."

அவர் மறுபடி உட்கார்ந்தார். அந்தக் கணம் பந்தல் துணி அடிப்பதை நிறுத்தியது. துணி தொங்கிப்போயிற்று. மலைமேல் கம்பெனி நட்டிருந்த காற்றளக்கும் கம்பத்தில் கிறுகிறுவென்று சுற்றும் சின்னக் கிண்ணங்கள் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் கலைந்துபோயிற்று.

ஊர்த்தலைவி, சர்பஞ்ச் வைஷாலி மட்டும் நின்றாள். ரஞ்சனி அவளை அந்தப் பக்கத்து வழக்கப்படி 'தாயி', அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன தாயி, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"காலி நாற்காலின்னு நெனச்சுட்டே. மடி மேல ஆளை உக்கார வெச்சுட்டே," என்றாள் வைஷாலி. அதைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்றோடு கடேவாடியில் காற்று நின்றது. அடுப்புப் புகை நூல் பிடித்ததுபோல நேராக மேலே போனது. கல் கட்டாத புடவைகள் கொடியில் பிணம்போலத் தொங்கின. காக்கைகள் பறக்காமல் தரையில் நடந்து போயின. எதிர்மலையில் புல் அலையடிக்கிறது. இந்த மலையில் ஒரு இலை ஆடவில்லை. அந்தக் கம்பத்துக் கணக்கு புனே ஆபீஸ் திரையில் உடனுக்குடன் தெரியும். பாலச்சந்திரன் கருவியை மாற்றிப் பார்த்தார். புதுக் கருவியும் செத்துக் கிடந்தது.

"இன்னொரு கூட்டம் போடுங்க," என்றார். "தண்ணின்னு சொல்லி இந்தத் தடவை முடிச்சுருங்க. இல்லீன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான், நீங்களும் சேத்தி."

இரண்டாம் கூட்டத்துக்கு ஊர் கூடியபோது ரஞ்சனி முன்வரிசையைத் தன் முந்தானையால் துடைத்து, காலியாக விட்டு, அதன் எதிரே கைகூப்பி நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் வைஷாலி வாய் திறந்தாள்.

"அணை கட்ட வந்தப்போ எங்க பெரியவங்க கை தூக்கினாங்க. அடுத்த மழைக்குள்ள உங்க வீட்டு வாசல்ல தண்ணின்னு சொன்னாங்க. வயல்தான் முழுகிச்சு, வாசலுக்குத் தண்ணி வரல. அவங்களை எரிச்ச மேடும் அப்புறம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதுலேருந்து இந்த ஊருக்கு யார் என்ன தர்றேன்னு வந்தாலும் அவங்க வந்து முன்னால உக்காருவாங்க. நீ எதைச் சொன்னாலும் அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும். அதுதான் எங்க வழக்கம்."

பார்ப்பதற்கு முகம் எங்கே? வெள்ளை நாற்காலிகள்தான் இருந்தன. ரஞ்சனி அவற்றைப் பார்த்துப் பேசினாள். நிலத்துக்கு வருஷ வாடகை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை, பிள்ளைகளுக்கு வேலை. எல்லாம் கம்பெனி ஒத்துக்கொண்டவை. வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது.

பிறகு தண்ணீருக்கு வந்தாள்.

"அடுத்த மழைக்குள்ள உங்க வீட்டு வாசல்ல..."

சொட்டென்று ஒரு சத்தம். துடைத்து வைத்த நாற்காலியின் விளிம்பிலிருந்து ஒரு துளி. அடுத்த நாற்காலியில் ஒன்று. வரிசை முழுக்கச் சொட்டியது. கீழே புழுதி கறுத்து நனைந்தது. அப்புறம் அந்த நாற்காலிகளின் பின்கால்கள், எல்லாம் ஒன்றாக, தரையைவிட்டு லேசாக எழும்பின. முன்கால்கள் மண்ணில் அழுந்தின.

கோபத்தில் அல்ல, கண்ணுகளா. காது மந்தமானவர்கள் நல்ல சேதியைக் கேட்க முன்னால் சாய்வார்களே, அப்படி. ஆசையாய்ச் சாய்ந்தார்கள்.

ரஞ்சனி பயந்திருந்தால்கூடப் பொய்யைச் சொல்லி முடித்திருப்பாள். அந்த ஆசைக்கு முன்னால் நாக்கு எழவில்லை.

"இல்லை," என்றாள். "தண்ணிக்குக் கம்பெனி இன்னும் ஒத்துக்கலை. வரும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன். ஒத்துக்க வெச்சுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கை தூக்காதீங்க."

நாற்காலிகள் மெதுவாகப் பின்னால் சாய்ந்து அமர்ந்தன. பெருமூச்சு விட்டதுபோல ஒரு காற்று கிளம்பிப் பந்தலைத் தூக்கியது. கம்பத்துக் கிண்ணங்கள் சுழன்றன. கொஞ்ச நேரந்தான். மறுபடி எல்லாம் ஓய்ந்தது.

இறங்கும்போது வண்டியில் டேனியல் சொன்னார்: "வேலை போச்சு மேடம். கோயி பாத் நஹி, பரவால்ல. எங்க சர்ச் ஸ்கூல்ல ஒரு டீச்சர் வேலை காலி இருக்கு."

"உங்களுக்கும்தான் போச்சு."

"எனக்கென்ன, ரிக்ஷா ஓட்டுவேன். ஆனா அதோட சீட்டு மட்டும் ஈரமாகக் கூடாது சாமி."

போன் அடித்தது. பாலச்சந்திரன்.

"ஏனுங்க ரஞ்சனி, கொஞ்சம் முன்னாடி அங்க என்ன நடந்துச்சு? திரையில காத்து வந்துச்சு. நல்ல காத்து. அப்புறம் நின்னுருச்சு."

"தண்ணி பத்தி உண்மையைச் சொன்னேன் சார்."

பாலச்சந்திரன் பொய்க்குத் துணிந்தவர்தான், ஆனால் திரையில் தான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லக்கூடியவர் இல்லை. "நானே மேல பேசறேனுங்க," என்றார். "மொதல்ல மோட்டார், அப்புறந்தான் டவர். அவிய ஒத்துக்கலீன்னா நானும் உங்ககூட மூட்டையக் கட்டறேன்."

எப்படிப் பேசினாரோ, மேலிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். குழாய் மலை ஏறியது. தண்ணீர் திறந்த அன்று சாயங்காலம் அதே பந்தல், அதே முன்வரிசை. முதல் குடத்தைப் பிடித்து, ஒவ்வொரு நாற்காலிமுன்னும் ஒரு டம்ளர் வைத்தாள் வைஷாலி. ரஞ்சனி குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தது. வெயில் பட்ட சூடுகூட இருந்தது.

அப்போது காற்று வந்தது. முன்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் புரண்டு, மற்ற காலி நாற்காலிகளைப்போலவே புல்லில் உருண்டு ஓடின. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு துரத்தினார்கள். வைஷாலி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போயிட்டாங்க," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி முதல் கையைத் தூக்கினாள். ஊர் முழுக்கக் கை தூக்கியது.

சரி, இனி ஃபேனைப் போடுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் எந்நாளும் தண்ணீர் வரட்டும், உங்கள் ஜன்னலில் எந்நாளும் காற்று வரட்டும். உங்கள் வீட்டில் யார் சொன்ன சொல்லும் பொய்க்காமல் இருக்கட்டும். யாருக்காகவும் காத்துக் காத்து நனைந்த நாற்காலி ஒன்றுகூட உங்கள் வீட்டில் இல்லாமல், பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து இருங்கள், என் கண்ணுகளா.