ஒட்டாமல் வளர்ந்த பிள்ளை

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா. குழந்தைக்கு மட்டும் அம்மா.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. டாக்டர் வீட்டுப் படிகளை ஏறி இறங்கி அலுத்துப்போய், முன்னறையில் மெஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்க உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் அவளுடைய கொழுந்தன் மனைவி ஒரு பெண்ணைப் பெற்றாள். பெற்ற மூன்றாம் மாதமே வங்கி வேலைக்குத் திரும்பியவள், "அக்கா, நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் போறேன்" என்று குழந்தையை மடியில் போட்டுவிட்டுப் போனாள். துணி வெட்டும் மேசைக்கடியில் தூங்கி, நூல்கண்டை உருட்டி, ஊசி டப்பாவைக் கவிழ்த்து அடி வாங்கி வளர்ந்தது குழந்தை. 'வாலு' என்று பெயரும் வாங்கியது. பெற்றவளை அது மம்மி என்றது. அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சிரித்தார்கள்.

வாலுவுக்கு நாலு வயதானபோது கொழுந்தன் நகரத்தின் மறுகோடியில் அடுக்குமாடி வீடு வாங்கித் தனிக்குடித்தனம் போனான். அங்கே வாலு சோற்றைத் தொடவில்லை. "அம்மாகிட்டப் போணும்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. மம்மி புத்தகங்கள் படித்தாள். பிள்ளை வளர்ப்புக்கு ஆலோசனை சொல்லும் ஒருத்தியிடம் போய் வந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க விட்டாத்தான் அவ எங்ககிட்ட ஒட்டுவா."

"சரிம்மா. இனிமே அந்தப் பக்கமே வரலை."

"அது பத்தாதுக்கா. நீங்க வருவீங்கன்னு காத்துக்கிட்டே கிடப்பா. வேணாம்னு உங்க வாயால நீங்களே சொல்லிடணும். கீழ கார்லதான் உக்காந்திருக்கா."

செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா அதை மடித்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மம்மி கீழே போய்க் கூட்டி வந்ததும் வாலு ஓடி வந்து பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. பெரியம்மாவின் கையில் அளவு நாடா இருந்தது. வாசல் நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் மம்மி.

"நான் உன் அம்மா இல்ல" என்றாள் பெரியம்மா. "இனிமே இங்க வராத. எனக்கு நீ வேணாம்."

ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. பெரியம்மா இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இந்தத் தடவை கத்திச் சொன்னாள். குழந்தையின் சிரிப்பு நின்றது. மேசையைப் பார்த்தது, மெஷினைப் பார்த்தது.

"ஊசி டப்பாவ இனிமே தொட மாட்டேன்மா" என்றது. "சத்தமும் போட மாட்டேன்."

காலைச் சுற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள் பெரியம்மா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, "ரொம்ப தேங்க்ஸ்கா" என்றாள் மம்மி.

மருந்து வேலை செய்தது. ஒரே மாதத்தில் வாலு தானே சாப்பிட்டது, தனி அறையில் தூங்கியது, அழுகையையும் விட்டது. "வயசுக்கு மீறின பக்குவம்னு டீச்சரே சொல்றாங்கக்கா" என்று போனில் பூரித்துப்போனாள் மம்மி. பெரியம்மா "ம்" கொட்டினாள்.

இரண்டு வருடம் கழித்து மம்மிக்கு ஓர் ஆபரேஷன். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் பெரியம்மாவைக் கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்த வாலு, "வாங்க, உக்காருங்க" என்றது. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்பியது.

புறப்படும் நேரத்தில் மம்மிக்குப் பயம் வந்துவிட்டது. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மம்மி போயிட்டு வரட்டுமாடா?"

"சரி."

"மம்மி இல்லாம இருந்துப்பியா?"

"ம்."

"திரும்பி வராமலே போயிட்டா என்ன பண்ணுவே?"

வாலு பென்சிலை நிறுத்தி யோசித்தது. அதன் முகத்தில் குறும்பு இல்லை, கோபமும் இல்லை.

"வேற யாராவது வருவாங்க."

மம்மி நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் பெரியம்மாவின் வயிறு குளிர்ந்தது. உனக்கு வேணும்டி என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அடுத்த கணமே அவளுக்குத் தன்மேல் கூசியது. மம்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள். வாலு அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தது.

தலை வாரிவிடப் போனால், "நானே வாரிப்பேன்" என்றது. ஊட்டிவிடப் போனால் வாயை மூடிக்கொண்டது. நாலாம் நாள் பெரியம்மாவால் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது பொய்டா. சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்" என்று அதன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை வாலு மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு கையை உருவிக்கொண்டு, "எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல ஆன்ட்டி" என்றது.

ஆறாம் நாள் மாலை. பெரியம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது, கொடியில் காய்ந்த அவளுடைய புடவைகள் நான்கு மூலையும் பிசகாமல் மடிக்கப்பட்டிருந்தன. பையில் அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடி, வாசல் கதவோரம் வைத்திருந்தது வாலு.

"நாளைக்குத்தானே போறீங்க?"