ஏழாம் பாடம், மூன்றாவது தடவை

மூன்றாவது தடவையும் ஏழாம் பாடம் செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு பக்கம். முதுகெலும்புகள் முப்பத்து மூன்றையும் ஒன்றுவிடாமல், மூச்சு இடறாமல், காகிதம் புரளும் சத்தம்கூட விழாமல் வாசித்திருந்தாள். இப்போது திறந்தால் ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று ஒற்றை வரி. அவ்வளவுதான், தீர்ந்தது கதை.

கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. இந்தப் புத்தகம் பிசியோதெரபி படிக்கும் ஒரு பெண்ணுக்கு. நாளை மறுநாள் அவளுக்குப் பரீட்சை. மற்ற பதினோரு பாடங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்தப் பாழாய்ப்போன ஏழு மட்டும் வீட்டை விட்டு வெளியே போகமாட்டேன் என்கிறது. தெருவில் குழாய் போடுகிறேன் பேர்வழி என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். வாரம் முழுக்கக் கரண்ட் வருவதும் போவதுமாகவே இருந்தது.

கரண்ட் போனால் போகட்டும், அதற்குத்தானே அத்தனை ஏற்பாடு! அவள் கணவன் கம்ப்யூட்டர் ஆள். எதைக் கேட்டாலும் “நூறு பர்சென்ட்” என்பான். ஆபீசில் அவனுக்கு அதுவே பட்டப்பெயர். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் ஒரு சர்வரை வைத்து, அவள் லேப்டாப்பை அதோடு நேராக ஒரு ஒயரில் இணைத்து, “லேப்டாப்புல எதையும் வைக்காதே, நேரா இதுல பதிவு பண்ணு. நூறு பர்சென்ட் பத்திரம்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான். பக்கத்திலேயே யுபிஎஸ். கரண்ட் போனால் அதன் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். யுபிஎஸ்ஸைக் கண்காணிக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி கம்ப்யூட்டர். கரண்ட் போன கையோடு அதிலுள்ள சாஃப்ட்வேர், நெட்வொர்க் பெட்டி வழியாக சர்வருக்குத் தகவல் சொல்லும். சர்வர் அவள் திரையில் எச்சரிக்கை காட்டிவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒழுங்காக அணையும். இது அவன் சொன்ன கதை. நடந்ததோ வேறு. எச்சரிக்கை வந்தால் நிறுத்தலாம் என்று அவள் வாசித்துக்கொண்டே இருக்க, எச்சரிக்கையும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. பேட்டரி தீரும்வரை ஓடிவிட்டு சர்வர் பொட்டென்று அணைந்தது. திறந்திருந்த பதிவும் அதோடு போயிற்று.

“என்னங்க! கொஞ்சம் கீழ வரீங்களா?”

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் டவுசர் என்று அவன் இறங்கி வந்தான். வீடியோ மீட்டிங் நடுவில் கூப்பிட்டுவிட்டாளாம், முகத்தில் அந்தச் சலிப்பு வேறு. அலமாரி முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். அது பீப் பீப் என்று கத்தியது. உடனே அவள் திரையில் எச்சரிக்கை வந்தது. இரண்டு நிமிடத்தில் சர்வர் சாதுவாக அணைந்தது.

“பார்த்தியா? போன வாரமும் இதைத்தான் காட்டினேன். நூறு பர்சென்ட் சரியா இருக்கு.”

“நீங்க பிடுங்கினா அணையுது. கரண்ட் போனா அணைய மாட்டேங்குதே!”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணுன்னா என் பாடம் எப்படிங்க போச்சு? மூணு தடவை!”

அவன் பிளக்கை மறுபடி மாட்டி, சர்வரை உயிர்ப்பித்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “பெருக்கும்போது நீ ஏதாவது ஒயரை இழுத்திருப்பே. சாஃப்ட்வேர் பொய் சொல்லாது.”

அப்போ பொய் சொல்வது அவள்! அவளுக்கு வந்ததே கோபம். “அந்த அலமாரிப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்கறதுகூட இல்ல! நீங்க கட்டின கோட்டை, நீங்க வச்ச பூட்டு, ஆனா தப்பு மட்டும் என் துடைப்பத்து மேலயா? தொண்டை கிழிய வாசிக்கறவ நான். வந்து ஒரு பிளக்கைப் பிடுங்கிக் காட்டிட்டுப் போறவர் நீங்க. நல்லா இருக்கே நியாயம்!” மூன்று நாள் வாசித்த தொண்டை. கடைசி வார்த்தை பாதிக் காற்றாகத்தான் வெளியே வந்தது. “மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசலாம்” என்று அவன் மாடியேறிவிட்டான்.

போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

“அக்கா, ஏழாம் பாடம் முடிஞ்சுதாக்கா? அதுலேர்ந்து பெரிய கேள்வி கண்டிப்பா வருமாம். எல்லாரும் படிச்சுட்டாங்க, நான் மட்டும்தான்...”

“சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேம்மா.”

“ஏன்க்கா குரல் இப்படிக் கரகரங்குது?”

“ஒண்ணுமில்லம்மா, நீ மத்ததைப் படி.”

போனை வைத்தவள் நேராக வாசற்பக்கம் போனாள். ரெண்டும் ஒண்ணா? பார்த்துவிடுவோம். பலகையில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. மாடியிலிருந்து “அய்யோ, நெட் போச்சு!” என்ற அலறல் வந்தது. யுபிஎஸ்ஸும் நாலு முறை பீப் என்று கத்திவிட்டு ஓய்ந்தது. பிறகு வீடு சத்தமற்றுப்போனது. அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. குளுகுளு, குளுகுளு, குளுகுளு.

ஹாலில் மீன் தொட்டி. ஆறு தங்க மீன்களும் ராஜா வீட்டுப் பிள்ளைகள்போல உலாத்திக்கொண்டிருந்தன. காற்று பம்ப் குமிழிகளை விட்டுக்கொண்டே இருந்தது. வீடே அடங்கிக் கிடக்கும்போது இதற்கு மட்டும் ஏது கரண்ட்? ஒவ்வொரு தடவை கரண்ட் போனபோதும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். குரலையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு இதைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பம்பின் மெல்லிய வெள்ளை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரோரமாக ஓடி, அலமாரியின் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, யுபிஎஸ்ஸின் கடைசித் துளையில் முடிந்தது.

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். யுபிஎஸ்ஸில் விளக்கு எரிந்தது. குட்டி கம்ப்யூட்டரில் எரிந்தது. சர்வரிலும் எரிந்தது. நடுவில் இருந்த நெட்வொர்க் பெட்டி மட்டும் கண்ணை மூடிக் கிடந்தது. அதன் பிளக் சாதாரணச் சுவர்த் துளையில் குத்தப்பட்டிருந்தது.

பின்னால் தடதடவென்று இறங்கி வந்தவன், “யாரு மெயினைத் தொட்டது, மேனேஜர் பேசிட்டு இருக்கும்போது...” என்று ஆரம்பித்து, அவள் காட்டிய இடத்தைப் பார்த்ததும் வாயை மூடினான்.

“இதை யாருங்க சுவத்துல குத்தினது? துடைப்பமா?”

அவன் பார்வை மீன் தொட்டிக்குப் போய்த் திரும்பியது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு நீண்ட நேரம் கரண்ட் போய் ஒரு மீன் செத்தது. இரண்டு நாள் துக்கம் காத்தான் மனுஷன். அப்போதுதான் நெட்வொர்க் பெட்டியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, அந்த இடத்தைப் பம்புக்குக் கொடுத்திருக்கிறான். யுபிஎஸ் பிளக்கை அவன் பிடுங்கும்போதெல்லாம் சுவரில் கரண்ட் இருந்தது, பெட்டி உயிரோடு இருந்தது, தகவல் போய்ச் சேர்ந்தது. நிஜமாகவே கரண்ட் போனால் முதலில் சாவது அந்தப் பெட்டிதான். குட்டி கம்ப்யூட்டர் கரடியாய்க் கத்தினாலும் சர்வர் காதில் விழாது.

“மறந்தே போச்சு” என்றான் அசடு வழிய. “மீனு பாவம்னு...”

“மீனு பாவம். நான்?” மேலே கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இருமிப் பார்த்தாள், வெந்நீர் குடித்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

பம்பைப் பிடுங்கிவிட்டு நெட்வொர்க் பெட்டியை யுபிஎஸ்ஸில் மாட்டினாள்.

“அப்ப மீனு?”

“கடையில பேட்டரி பம்ப் விக்குது, நாளைக்கு வாங்கிக்கங்க” என்று கிசுகிசுத்தாள். “இப்ப பம்பைச் சுவத்துலயே மாட்டுங்க. மெயினைப் போடுங்க. லீவு சொல்லிட்டு மைக் முன்னாடி வந்து உக்காருங்க.”

“நானா?”

“வேற யாரு, மீனா?”

உட்கார்ந்தான். ‘முதுகுத் தண்டுவடம்’ என்பதே அவன் வாயில் நாலு தடவை வழுக்கியது. தப்பு வந்தபோதெல்லாம் அவள் பென்சிலால் மேஜையைத் தட்டினாள், அவன் அந்த வரியைத் திரும்ப வாசித்தான். பத்தாம் பக்கத்தில் முதுகு வலிக்கிறது என்றான். இருபதில் தண்ணீர் கேட்டான். முப்பதில் அவன் குரலும் கரகரத்தது. முப்பத்தேழாம் பக்கத்தில் கரண்ட் போனது. இந்த முறை மெயினை அவள் தொடவில்லை, தெருவே இருண்டிருந்தது.

“அய்யோ!” என்று துள்ளி எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. “போச்சா? என் முப்பத்தேழு பக்கமும் போச்சா?” அலமாரியை நோக்கி ஓடினான். குமிழி நின்றுபோன மீன் தொட்டியை உரசிக்கொண்டுதான் ஓடினான். ஒரு பார்வைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அவள் திரையில் எச்சரிக்கை வந்தது. பதிவை நிறுத்திச் சேமித்தாள். இரண்டு நிமிடத்தில் சர்வர் மரியாதையாக அணைந்தது. அதன் முன் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் வியர்த்திருந்தது. வாயில் நூறு பர்சென்ட் வரவில்லை.

“போகல” என்றாள், வராத குரலை இழுத்துப் பிடித்து. “எனக்கு மூணு தடவை போச்சு.”

அவன் எழுந்து வந்து, நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான். அவள் புத்தகத்தை முப்பத்தெட்டாம் பக்கத்தில் விரித்து அவன் மடியில் வைத்தாள்.