வல்லை வெளியில் இரண்டாயிரத்து நானூறு

ஆயிரத்து எண்ணூறு வரைக்கும் கை ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு, எண்ணும் பொறியை அழுத்திய ஒவ்வொரு முறையும் அண்ணையின் முகம் வந்து நின்றது. ஒரு அழுத்தலுக்குப் பத்துப் பூநாரை. வல்லைப் பாலத்துக்கு மேற்கே நீரேரி முழுக்க அவைதான். இந்தத் தை மாதம் பார்த்து அளவுக்கு மிஞ்சி வந்து தொலைத்திருந்தன. பறவை என்றால் சோறு தண்ணீர் மறப்பவள் நான். அன்று அவற்றைத் திட்டித் திட்டித்தான் எண்ணினேன்.

பாலத்தின் இரண்டு பக்கமும் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் வந்தால் இந்த நீரேரியில் றால் வலை போட முடியாது என்று போன கிழமைக் கூட்டத்தில் வனசீவராசித் திணைக்களத்தார் சொல்லிவிட்டார்கள். அண்ணை சுபாங்கனோடு சேர்த்து நாற்பது குடும்பம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் சீவிக்கிறது. நான் படித்ததும் அந்த றாலில்தான். கூட்டம் முடிந்ததிலிருந்து அண்ணை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கடைசியில் இரண்டாயிரத்து நானூறு. கூட எண்ணிய தனுஷிகாவுக்கும் கிட்டத்தட்ட அதேதான். அவள் நீர்வேலிக்காரி, வீட்டில் வாழைத்தோட்டம், றால் கவலை இல்லை. ஆனாலும் என் தோளில் தட்டினாள்.

"கிழக்கை ஆயிரமும் தேறாதாம், அங்கை எண்ணப்போற லோஜன் பாத்திட்டுச் சொன்னவன். தப்பியிட்டியளடி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. படிவத்தில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பேனையை மூடவில்லை, அத்தனையும் ஒன்றாக எழும்பின. வெளி எங்கும் சிவப்பும் இரைச்சலும். பாலத்தைத் தாண்டிப் போய், லோஜனின் ஆட்கள் எண்ணத் தொடங்கவிருந்த கிழக்குப் பக்கத்தில் இறங்கின. அவை நின்ற இடத்தில் ஒரு வள்ளம். அதில் ஒருவர் மரக்கோலால் தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றார். என் போன் அடித்தது.

"பிள்ளை, எல்லாத்தையும் கலைச்சுப்போட்டன்." அண்ணைக்கு மூச்சு வாங்கியது. "ஒண்டும் இல்லையெண்டு எழுது."

"நான் எழுதி முடிச்சிட்டன் அண்ணை. இப்ப அதுகளை அங்காலை திரும்பவும் எண்ணப்போறாங்கள்."



"கழிக்கச் சொல்லன்."

"கழிப்பினம். அதுக்கு ஆர் கலைச்சதெண்டு எழுதோணும். வள்ளத்தின்ரை நம்பரும் வேணும்."

பறவையைக் கலைத்தால் தொழில் அனுமதி போய்விடும் என்பதும் அதே கூட்டத்தில் சொன்னதுதான். அண்ணை முன்வரிசையில் இருந்து கேட்டவர். இப்படியும் ஒரு மடைத்தனமா என்று ஆத்திரம் பொங்கியது. எனக்காகவும்தானே செய்தார் என்று நினைக்க இன்னும் பொங்கியது. லோஜனைக் கூப்பிடலாமா, படிவத்தைக் கிழிக்கலாமா, ஒன்றும் ஓடவில்லை. ஒரு இடத்தில் நிற்க முடியாமல் சேற்றில் அங்குமிங்கும் நடந்தேன்.

"சரி," என்றார் அண்ணை. போன் நின்றுவிட்டது.

தனுஷிகா தொலைநோக்கியில் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரென்று அவளுக்கும் தெரியும்.

"முன்பக்கம் எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. நம்பர் தெரியேல்லை மதுரா," என்றாள். "தெரியேல்லை எண்டே எழுதுவமே?"

நான் அவளை விலக்கிவிட்டுக் கண்ணை வைத்தேன். அண்ணை கோலைச் சேற்றில் ஊன்றி, வள்ளத்தை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கப்பாடு முழுவதும் எனக்கு நேரே வந்ததும் நிறுத்தினார். பிறகு, இலக்கத்தை மறைத்துத் தொங்கிய வலையை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, அசையாமல் நின்றார்.