பத்து விநாடிக்கு ஒருமுறை

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அன்றைக்குக் காலை பத்து மணிக்கே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர் நேரம் பதிவு செய்து தரும் கம்பெனி எங்களுடையது. சர்வரைக் கவனிப்பது நானும் என் மச்சானும். மனைவியின் சொந்தத் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அன்றுதான் மூன்று புது ஆஸ்பத்திரிகள் சேர்ந்திருந்தன, பதிவுப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே போய்ப் பார்த்தால் வயிறு எரிந்தது. பதினாறு பிராசஸர் இருக்கிற இயந்திரத்தில், வெளியிலிருந்து துண்டு துண்டாக வரும் தகவல் பாக்கெட் எல்லாம் முதல் பிராசஸர் தலையிலேயே விழுகிறது. அதற்கு மூச்சு முட்டுகிறது. மற்ற பதினைந்தும் விருந்தாளி மாதிரி காலாட்டிக்கொண்டு இருக்கின்றன.

நெட்வொர்க் கார்டில், வரும் பாக்கெட்டுகள் காத்து நிற்கப் பதினாறு வரிசைகள் உண்டு. வரிசைக்கு ஒரு பிராசஸர் என்று பிரித்துவிட்டேன். பக்கம் திறந்தது. பத்து விநாடிதான், எல்லாம் பழையபடி முதல் பிராசஸருக்கே போய்விட்டது. மறுபடி பிரித்தேன். மறுபடி போனது. மூன்றாம் முறையும் அதே கதை.

சர்வருக்குள் போகப் பாஸ்வேர்டு உள்ளவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான்.

"டேய், நான் பிரிக்கப் பிரிக்க நீ கலைக்கிறியா?"

"மாமா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க..."

"ஒண்ணும் சொல்ல வேணாம், வாய மூடு."

நேரே மேனேஜர் அம்மாவிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவர் அவனைக் கூப்பிட்டு, "நீங்களா?" என்று கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை.

"பாஸ்வேர்ட எடுத்துடுங்க. இன்னியோட போகட்டும்," என்றார் மேனேஜர்.

அவன் போய் மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தான். நான் அவன் பாஸ்வேர்டை நீக்கிவிட்டு நான்காம் முறை பிரித்தேன். பத்து விநாடி. பழையபடி.

அப்படியானால் அவன் இல்லை. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் துழாவினேன். ஒரு குட்டிப் புரோகிராம் பத்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து, எல்லா வரிசையையும் முதல் பிராசஸரிடம் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. எழுதியவர் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. என் பெயர். போன கோடையில் சர்வர் அறை ஏசி பழுதானபோது, மற்ற பிராசஸர்கள் சூடாகாமல் தூங்கட்டும் என்று எழுதிப் போட்டவன், நிறுத்த மறந்து தொலைத்திருக்கிறேன்.

நிறுத்தினேன். ஐந்தாம் முறை பிரித்தேன். பதினாறும் வேலை செய்தன.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "பாத்தீங்களா, அவர எடுத்ததும் சரியாயிடுச்சு."

தலையை ஆட்டினால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பாதி ஆட்டியும் விட்டேன். எதிரே அவன் தன் டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"மேடம், கலைச்சது நான்தான். நான் எழுதி வச்ச புரோகிராம். அவன் தொடவே இல்ல."

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவனைப் பையைக் கீழே வைக்கச் சொன்னார். ஒரு மாதத்துக்கு அவனைக் கேட்காமல் நான் சர்வரைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"காலையிலயே பாத்தேன் மாமா. சொல்ல வந்தா வாய மூடுன்னீங்க."

"மேடம்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்கள அனுப்பிடுவாங்க. அக்கா என்ன பண்ணுவா?"

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவன் போனை நீட்டினான். "அக்கா லைன்ல இருக்கா. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

வாங்கிக் காதில் வைத்தேன். "இங்க பாரு, தப்பு அவன்மேல இல்ல..."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.