நேர்த்திச் சோறு

1943ஆம் ஆண்டு தைப்பூசம் கழிந்த கிழமை என் அத்தானை ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். துறைமுகக் கிடங்கில் சீனி மூட்டைகள் குறைந்திருந்தன. அங்கே கணக்கெழுதிய இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். ஒருவர் அத்தான் அம்பிகைபாகன். மற்றவர் அவருடைய நண்பர் விஸ்வலிங்கம். அத்தான் திரும்பி வந்தார். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இருக்கவில்லை. விஸ்வலிங்கத்தை அதன்பின் யாரும் காணவில்லை.

அத்தான் நேரே வீட்டுக்குள் வரவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு நின்றபடியே சொன்னார்.

"அடுத்த பூசம் வரைக்கும் இந்த வீட்டிலை மச்சம் இல்லை. ஒருத்தருக்கும் இல்லை. உள்ளுக்கை கிடக்கேக்கை தண்ணீர்மலையான் முருகனுக்கு நேர்த்தி வைச்சுப்போட்டன்."

மீனும் இறைச்சியும் எங்கள் ஆட்களுக்கு மச்சம். அக்கா பத்மாவதி அழுதுகொண்டே தலையாட்டினாள். புருஷன் உயிரோடு வந்து நிற்கிறான். அவன் கேட்பது ஒரு வருஷத்துச் சைவம். அந்த நேரத்தில் அவர் மண்ணைத் தின்னச் சொல்லியிருந்தாலும் அவள் தின்றிருப்பாள். அன்றைக்கே மீன் சட்டிகளைக் கொல்லையில் போட்டு உடைத்தோம். அக்காவுக்குத் துணையாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சண்டை தொடங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் இந்த மலாய்த் தீவில், ஜெலுத்தோங்கில் தங்கிவிட்டவள் நான். என் பங்குக்கு நானும் இரண்டு சட்டி உடைத்தேன்.

சைவம் எங்களுக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் தெரியாத வீடா? ஆனால் அந்த நாட்களில் பருப்பு இருந்தது, உளுந்து இருந்தது, பால், தயிர், நெய், எள்ளு எல்லாம் இருந்தன. இப்போது இந்தியாவிலிருந்து கப்பல் வருவதில்லை. கூப்பன் அரிசியும் மரவள்ளிக்கிழங்கும்தான். கூப்பிடு தூரத்தில் கடல் கிடந்தது. கூடை நிறையச் சின்ன மீன் வந்தது. ஏழை வீடுகளைத் தூக்கி நிறுத்தியது அதுதான். அந்தக் கதவை நாங்கள் சாத்திக்கொண்டோம்.

அப்படியிருந்தும் பிழைத்திருக்கலாம். நான் இன்றுவரை சைவம்தான். எனக்கு ஒரு குறையும் வரவில்லை. வேண்டியதெல்லாம் எங்கள் ஒழுங்கைத் தெருவிலும் பக்கத்துச் சந்தையிலுமே இருந்தது. பின்வீட்டு வேலியில் முருங்கை நின்றது. சந்தையில் நிலக்கடலையும், எப்போதாவது பச்சைப்பயறும் கிடைத்தன. பின்வீட்டில் இருந்த சலேஹா அக்காவின் அண்ணன் பாலிக் புலாவில் வயல் செய்தார். வீட்டில் குத்திய சிவப்பு அரிசி அவளிடம் வரும். அக்கா அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள், அவள் அரிசி தருவாள்.

அத்தான் அந்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"இதென்ன, தவிடும் தூசும்? நேர்த்திச் சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்கவேணும். இதை ஆர் சாமிக்குப் படைப்பினம்?"

"படைக்கிறது வேறை, நாங்கள் தின்னுறது வேறையெல்லே அத்தான்?" என்றேன்.

"நேர்த்தியிலை ரெண்டும் ஒண்டுதான்."

இரண்டு சுண்டு சிவப்பரிசியைக் கொடுத்து ஒரு சுண்டு வெள்ளைப் பச்சையரிசி வாங்கி வந்தார். அந்த அரிசியில் சுண்ணாம்பு மணத்தது. அதைக் கழுவும்போது அவரே பக்கத்தில் நிற்பார். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளியும்வரை கழுவ வேண்டும். சலேஹா அக்கா வேலிக்கு அப்பால் வாளியோடு காத்திருப்பாள்.

"கழனித் தண்ணிய கீழ ஊத்தாதே புள்ளே, இங்கிட்டு ஊத்து. என் வாத்துக்குத்தான் யோகம்லா. உங்க வீட்ல சக்கையத் தின்னுட்டு சத்த எனக்கு அனுப்புறீங்க."

அவளுடைய வாத்துகள் நடக்க முடியாமல் கொழுத்தன.

பருப்போ பயறோ கிடைத்த நாளில் அது அத்தானுக்கு. ஆம்பிளை சாப்பிட்டு எழுந்தபின் பெண்கள் குந்துவது வழக்கம். எங்களுக்குச் சட்டியைக் கழுவிய புளித்தண்ணீர் மிஞ்சும். அத்தானும் களவாக ஒன்றும் தின்னவில்லை. கிடங்கில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவருக்கு மத்தியானச் சாப்பாட்டோடு அவித்த சோயா அவரையும் தோஃபூவும் கொடுத்தார்கள். கருவாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவற்றைச் சாப்பிட்டார். நேர்த்தியில் அவர் ஒரு நாளும் பிசகவில்லை.

புரட்டாதியில் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கல்யாணமாகிப் பதினோராம் வருஷத்தில் முதல் பிள்ளை. சந்திரிகா என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. மூன்று மாதத்தில் கன்னம் உப்பி, கை மடிப்பு விழுந்து, வெள்ளையாகப் பளபளத்தது. ஊரெல்லாம் எலும்புக்கூடாகத் திரிந்த காலத்தில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அத்தான் தூக்கிக் காட்டுவார்.

"பாருங்கோ, சைவத்திலை வளர்ந்த பிள்ளை. முருகன் தந்த நிறம்."

அக்காவுக்குக் கால் விறைத்தது. வாசற்படி ஏறும்போது பாதம் எங்கே படுகிறது என்று தெரியவில்லை என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு என்று நினைத்தோம்.

மார்கழியில் ஒரு நாள் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனேன். சத்தமே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வாய் முழுவதும் திறந்திருந்தது, முகம் சுருங்கியிருந்தது, கண்ணீர் காதுக்குள் வழிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி அழுததோ தெரியாது.

அத்தானிடம் சொன்னோம்.

"நல்லதுதானே. ஒழுங்கையிலை ஜப்பான்காரன் போறான் வாறான். அழாத பிள்ளை புண்ணியம்."

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனபின் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அங்கே எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் இருந்தார். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். காலை விரலால் அமத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே கிடந்தது.

"இது கொழுப்பில்லைப் பிள்ளை, நீர் கோத்திருக்கு. தாய் என்ன சாப்பிடுறா?"

"சைவம், டாக்குத்தர்."

"சைவமெண்டால்? சொல்லு பாப்பம்."

"பச்சையரிசிச் சோறு. மரவள்ளி. புளித்தண்ணி."

"பயறு, பருப்பு?"

"அது அத்தானுக்கு."

அவர் பிள்ளையின் காலைத் துணியால் மூடினார். பிறகு, "இது சைவமில்லை, பட்டினி. பெரிபெரி. தாய்ப்பாலிலை சத்தில்லை. மீன் வேண்டாமெண்டால் விடு, நான் கேக்கேல்லை. தவிடு குடு. தவிட்டைக் கொதிக்க வைச்சு வடிச்சுத் தாய்க்கு ஒரு கிண்ணம், பிள்ளையின்ரை வாயிலை சொட்டுச் சொட்டாய். குத்தரிசியைக் கழுவாமல் கஞ்சி வை. பயறு, கடலை, முருங்கையிலை, எது கிடைச்சாலும் தாய்க்கு முதல். ஊசி மருந்து என்னட்டை இல்லை, ராணுவம் எடுத்துக்கொண்டு போட்டுது. இந்த நோயிலை பிள்ளையளுக்குச் சாவு சொல்லிப்போட்டு வராது. கெதியாய்ப் போ" என்றார்.

ஓட்டமும் நடையுமாக வந்தேன். சலேஹா அக்கா நெல்லுக் குத்தும் உரலடியில் தவிடு இருந்தது. ஒரு பேணி நிறையப் புடைத்துத் தந்தாள்.

"உங்க சாமி மீனு வேணாம்னு சொல்லுச்சு, சரிலா. தவிடும் வேணாம்னு சொல்லுச்சா? தின்னச் சொல்லு. நாளைக்கும் வா."

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். பிள்ளைக்குத் துணித்திரியில் நனைத்துக் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் தொட்டிலிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. பூனைக்குட்டியின் சத்தம் போல. அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து தொட்டிலடியில் விழுந்து சிரித்தாள். பிள்ளை இன்னும் கொஞ்சம் பலமாக அழுதது. நாங்கள் தூக்கவில்லை. அழட்டும் என்று விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அத்தான் வேலையால் வந்தபோதும் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. சந்தோஷத்தில் அக்கா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். சொல்லாதே என்று நான் கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

"தவிடோ? எங்கத்தைத் தவிடு?"

"சலேஹா அக்கா தந்தவ."

அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். உரலுக்குள் கையை விட்டு வழித்து மணந்து பார்த்தார். பிறகு அந்தக் கையை என் மூக்கடியில் நீட்டினார். காய்ந்த இறால் மணம். நெல்லுக் குத்தும் உரலில்தான் சலேஹா அக்கா இறால் விழுதான பெலாச்சானும் இடிப்பாள்.

"கழுவிட்டுத்தான் குத்துனேன் சாமி," என்றாள் சலேஹா அக்கா. "புள்ள உசுருக்கு முன்னாடி எறாவா பெருசு?"

அத்தான் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து தவிட்டுக் கஞ்சியை வாய்க்காலில் ஊற்றினார். கோபம் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோதுதான் பயம் என்று தெரிந்தது.

"பத்மா, உமக்கு விளங்கேல்லையோ? விஸ்வலிங்கம் ஒரு நேர்த்தியும் வைக்கேல்லை. பக்கத்து அறையிலை அவன் கத்தினதை விடிய விடியக் கேட்டனான். பிறகு கத்தேல்லை. நான் வந்தது ஆரால்? பூசத்துக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு? அதுக்குள்ளை முறிச்சுப்போட்டீர். அவங்கள் திரும்பி வந்தால் நீரோ எனக்குப் பதிலாய்ப் போவீர்?"

"பிள்ளைக்குச் சத்தம் வந்திட்டுதுங்கோ," என்றாள் அக்கா.

"அத்தான், மில்லிலை நல்ல தவிடு வாங்கலாம்," என்றேன். "மச்சம் படாதது. அது சைவந்தானே? நேர்த்தி முறியாதே?"

"வாங்கு. ஆனால் முதல் பிராயச்சித்தம். இண்டையிலிருந்து மூண்டு நாள் இவ ஒருநேரச் சோறு. உப்பில்லாமல். பிறகு என்னத்தையும் குடிக்கட்டும்."

நான் அக்காவைப் பார்த்தேன். முடியாது என்று அவள் சொல்ல வேண்டும். அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூண்டு நாள்தானே சற்குணம்," என்றாள் என்னிடம்.

விடிந்ததும் மில்லுக்குப் போனேன். தவிடு முழுவதையும் ராணுவம் குதிரைக்கு எடுத்துவிட்டது என்றான் வாசலில் நின்ற சீனன். இன்னொரு மில்லிலும் அதே பதில். மாலை முருங்கையிலையை மடியில் பறித்துக்கொண்டு வந்தேன். அத்தான் அதைச் சமைக்க விடவில்லை. பிராயச்சித்தம் முடியட்டும் என்றார். சலேஹா அக்கா வேலியால் பச்சைப்பயறு நீட்டினாள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் வாயில் நானாவது ஏதும் விடலாமென்று போனேன். அத்தான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தொட்டிலடியில் இருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் பிள்ளை பால் குடித்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே முகம் நீலமானது. உடம்பை வில்லாக வளைத்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அக்கா அதன் வாய்க்குள் காதை வைத்துக் கேட்டாள். "அழடி, அழடி என்ரை ராசாத்தி," என்று உலுக்கினாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உலுக்குவதை நிறுத்தினாள்.

சிறு பிள்ளையை எரிப்பதில்லை. சோப்புப் பெட்டி ஒன்றில் வைத்து அன்றைக்கே புதைத்தார்கள். பார்க்க வந்தவர்கள், நல்ல கொழுத்த பிள்ளை, கண்பட்டுவிட்டது என்றார்கள். அத்தான் கோயில் ஐயரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பல் முளைக்காத பிள்ளைக்குச் சாவுத் துடக்கு நீளாதாம். பூசத்துக்குக் காவடி எடுக்கத் தடையில்லையாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் மறக்கவில்லை.

காவடிக்குப் பால் வேண்டியிருந்தது. பசு வைத்திருந்த ஒரு பஞ்சாபியிடம் அக்காவின் காப்பைக் கொடுத்து ஒரு செம்புப் பால் வாங்கினார். பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தார். அக்கா மலையடியில் இருந்தாள். விறைத்த காலோடு ஏற முடியவில்லை. அவர் மேலே போய்ப் பாலை ஊற்றிவிட்டு இறங்கி வந்து, "முடிஞ்சுது. இனி ஒண்டும் வராது," என்றார்.

மறுநாள் காலை சந்தைக்குப் போய்வந்தவர் குசினி வாசலில் தேக்கிலைப் பொட்டலம் ஒன்றை வைத்தார். உள்ளே நான்கு சின்னப் பால்சுறா. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற எங்கள் ஊரில் வறுத்துக் கொடுக்கும் மீன். அதை யோசித்து அவர் வாங்கியிருக்க மாட்டார். அன்றைக்கு நல்லதாக அகப்பட்டது அதுவாயிருக்கும்.

"நேர்த்தி தீர்ந்துது பத்மா. வடிவாய்ச் சாப்பிடும். உடம்பு தேறட்டும்."

நான் பொட்டலத்தைத் தூக்கி எறியப் போனேன். அக்கா என் கையிலிருந்து அதைப் பறித்தாள்.

அவளே அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தாள். அன்றைக்கு அத்தானுக்குப் பரிமாறவில்லை. சட்டியோடு நிலத்தில் குந்தி, கையால் அள்ளி அள்ளித் தின்றாள். அவர் வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார். நல்லதென்று நினைத்தாராக்கும். சட்டியை விரலால் வழித்து நக்கினாள். அடுத்த நாளும் மீன் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள்.

ஒரு கிழமைக்குள் அக்காவின் சட்டை முன்பக்கம் நனையத் தொடங்கியது. மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது. பீய்ச்சி விடு என்று சலேஹா அக்கா வந்து சொன்னாள். அக்கா யாரையும் தொட விடவில்லை. காய்ச்சல் கூடிய பின்னேரம், அத்தான் பக்கத்தில் இருக்கும்போது, அவள் எழுந்து காலித் தொட்டிலை ஆட்டினாள்.

"சத்தம் போடாதையுங்கோ," என்றாள் அவரைப் பார்த்து. "பிள்ளை அழுறது கேக்கேல்லை."

மாசி முடிவதற்குள் அக்காவும் போனாள். அத்தான் வெகுகாலம் இருந்தார். துறைமுகத்திலேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றார். தண்ணீர்மலையான் தன்னைக் கைவிடவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.